நவம்பர் 11: நம் தோட்டத்து டவுனில் ஒரு ஜெர்மன் லாந்தர் ஊர்வலம்

இங்கே மலேசியாவில் ஒரு ஜெர்மன் ஊரோடு நட்புச் சங்கம் ஆரம்பித்ததும் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது மேடைதான். நாங்களும் முதல் வருடம் மண்டபம் எடுத்து, பொன்னாடை போர்த்தி, நான்கு வரவேற்புரை வைத்தோம். வந்த ஆறு ஜெர்மன் விருந்தினரும் முன்வரிசையில் வியர்க்க வியர்க்க உட்கார்ந்து கைதட்டிவிட்டுப் போனார்கள். நம் பிள்ளைகளில் ஒருவர்கூட அவர்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வருடம் மேடையை விட்டுவிட்டு லாந்தர் செய்ய உட்கார்ந்தோம். அதை எப்படிச் செய்வது என்று சொல்கிறேன்.

நவம்பர் 11 அங்கே மார்ட்டின் திருநாள். இருட்டியதும் சின்னப் பிள்ளைகள் தாங்களே செய்த விளக்குகளைக் குச்சியில் தொங்கவிட்டுப் பாடிக்கொண்டே தெருவில் நடப்பார்கள், பல ஊர்களில் முன்னால் சிவப்புப் போர்வையோடு ஒருவர் குதிரையில் போவார். மார்ட்டின் நான்காம் நூற்றாண்டு ரோமானியப் படைவீரர். குளிரில் நடுங்கிய பிச்சைக்காரருக்குத் தன் போர்வையை வாளால் பாதியாக வெட்டிக் கொடுத்தார் என்பது கதை. பின்னாளில் பிரான்ஸில் தூர் நகரத்து ஆயரானார், அவரை அடக்கம் செய்த நாள்தான் நவம்பர் 11.

"இது சர்ச் விசேஷமாச்சே" என்று பெற்றோர் கேட்பார்கள், கட்டாயம் கேட்பார்கள். மழுப்ப வேண்டாம், ஆமாம் என்று சொல்லிவிட்டு, அப்புறம் பேகனை நினைவுபடுத்துங்கள். மயில் குளிரில் நடுங்குகிறது என்று போர்வையைக் கொடுத்த வள்ளல், அதுவும் நம் முருகனின் பழனிமலைப் பக்கத்தை ஆண்டவர். இரண்டு கதையையும் ஐந்து ஐந்து நிமிட நாடகமாகப் போடுங்கள். எங்கள் ஊரில் நாடகம் முடிந்ததும் பிள்ளைகளுக்குள் சண்டை: மார்ட்டின் பாதிதானே கொடுத்தார், பேகன் முழுசாகக் கொடுத்தாரே, யார் பெரிய வள்ளல்? மயிலுக்குத்தான் இறகு இருக்கிறதே, அதற்கு எதற்குப் போர்வை என்று விருந்தினர் ஒருவர் பதிலுக்குக் கேட்க, மொழிபெயர்ப்பவர் திணறிப் போனார். முதல் வருடத்து நான்கு உரையிலும் வராத பேச்சு அன்றைக்கு வந்தது.

சரி, லாந்தர். "லத்தேர்ன" என்பது ஜெர்மன் சொல், நம் பாட்டிமார் சொல்லும் லாந்தருக்கு உறவுக்காரன்தான், அதனால் அந்த ஒரு வார்த்தையைப் பிள்ளைகள் மறப்பதே இல்லை. அங்கே வட்டமான பாலாடைக்கட்டிப் பெட்டியை அடித்தட்டாக வைத்து, வண்ணத்தாள் சுற்றிச் செய்வார்கள். நமக்குப் பால் டின், மைலோ டின் போதும். டின்னில் தண்ணீர் ஊற்றி முதல் நாள் இரவே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள், உள்ளே ஐஸ்கட்டி இருந்தால்தான் ஆணி அடிக்கும்போது டின் நசுங்காது. விளிம்பு வரை ஊற்றாதீர்கள், உறைந்தால் அடி புடைத்துக்கொள்ளும். ஆணியால் நட்சத்திரமோ மயிலோ புள்ளி புள்ளியாகக் குத்தி, கம்பி மாட்டி, மூங்கில் குச்சியில் தொங்கவிட வேண்டும். சுத்தியலைப் பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கொடுங்கள். காகிதத்தில்தான் செய்வேன் என்று அடம்பிடிக்கிறவர்களுக்கு, நிலா விழாவுக்குப் பிறகு சீனர் கடைகளில் மிஞ்சிக் கிடக்கும் தங்லோங்கை (காகித விளக்கை) மலிவாகக் கேட்டுப் பாருங்கள். உள்ளே மெழுகுவத்தி வேண்டவே வேண்டாம், பேட்டரியில் எரியும் குட்டி விளக்கு போடுங்கள். மெழுகுவத்தி ஏற்றி, ஊர்வலம் கிளம்புமுன்பே மூன்று லாந்தர் எரிந்துபோய் அழுகையோடு நின்ற அனுபவம் எங்களுக்கு இருக்கிறது.

அங்கே நவம்பரில் மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும். இங்கே ஏழு, ஏழேகால் ஆகும், அதனால் ஏழரைக்குக் கிளம்புங்கள். நவம்பர் நமக்கு மழை மாதம், சாயங்கால மழை முழுசாக விட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாற்று இடமாகப் பள்ளி மண்டபத்தையோ கோயில் கொட்டகையையோ சொல்லி வையுங்கள். பெரிய ரோட்டில் போக வேண்டாம். தோட்ட மேனேஜரிடம் (பெரியவர்கள் இன்னும் துரை என்றுதான் சொல்கிறார்கள்) அனுமதி வாங்கிச் செம்மண் பாதையில் ஒரு கிலோமீட்டருக்குள் சுற்றி வந்தால் போதும், போலீஸ் நிலையத்துக்கும் முன்கூட்டியே கடிதம் கொடுத்துவிடுங்கள். செம்பனைக்கு நடுவே போவதால், டார்ச்சும் தடியுமாக ஒரு ஆள் முன்னால் நடக்கட்டும், பாம்புக்கு நட்புச் சங்கமெல்லாம் தெரியாது. முடிவில் அங்கே பெரிய நெருப்பு வளர்ப்பார்கள், நம் நாட்டில் திறந்தவெளியில் எரிப்பது குற்றம் என்பதால் அதை விட்டுவிடலாம்.

குதிரைக்கு எங்கே போவது? பொய்க்கால் குதிரைதான். ஆடத் தெரிந்தவருக்குச் சிவப்பு வேட்டியைப் போர்வையாகப் போட்டால் மார்ட்டின் தயார். உறுமி மேளப் பையன்கள் நாங்களும் வருகிறோம் என்பார்கள், வரட்டும், ஆனால் கடைசியில் மட்டும் அடிக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் பிள்ளைகளின் பாட்டு யார் காதிலும் விழாது.

பாட்டு ஒன்றே ஒன்று, நான்கு வரி, தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுங்கள். ஜெர்மனில் 'u'வுக்கு மேல் இரண்டு புள்ளி வைத்த ஓர் எழுத்து (ü) இருக்கிறது, 'ஊ' சொல்வதுபோல் உதட்டைக் குவித்துக்கொண்டு 'ஈ' சொன்னால் அது வந்துவிடும். பதிலுக்கு விருந்தினர்களுக்கு 'ழ' சொல்லிக் கொடுக்க வேண்டியது பிள்ளைகளின் வேலை, அந்தக் கால் மணி நேரத்தைத் தயவுசெய்து நிகழ்ச்சி நிரலிலிருந்து வெட்டாதீர்கள்.

சாப்பாட்டுக்கு ரைன் பக்கத்து வெக்மன்: இனிப்பு ரொட்டி மாவில் மனித உருவம், கண்ணுக்கு உலர்திராட்சை, கையில் வெள்ளைக் களிமண் சுங்கான் (புகை பிடிக்கும் குழாய்). சுங்கானுக்குப் பதில் பட்டைத் துண்டு செருகலாம். மாவு, பால், வெண்ணெய், ஈஸ்ட், சீனி அவ்வளவுதான். பன்றிக்கொழுப்பு கலக்காததாகப் பொருள் பார்த்து வாங்கினால் மலாய்ப் பக்கத்து வீட்டாரையும் கூப்பிடலாம். கூடவே கடலை சுண்டலும் தே தாரிக்கும் (நுரை வர ஆற்றிய பால் டீ).

நேரலையில் இரண்டு ஊரும் சேர்ந்து நடக்கலாம் என்று யாராவது கிளம்புவார்கள். நவம்பரில் நமக்கும் அவர்களுக்கும் ஏழு மணி நேர வித்தியாசம். நாம் ஏழரைக்கு நடக்கும்போது அங்கே பட்டப்பகல் பன்னிரண்டரை, அவர்கள் ஐந்து மணிக்குக் கிளம்பும்போது நமக்கு நடுராத்திரி. அதனால் படம் பிடித்து உடனே அனுப்பிவிடுங்கள், அவர்கள் கிளம்புமுன் பார்த்துவிடுவார்கள். அவர்களுடையதை மறுநாள் காலை பள்ளியில் போட்டுக் காட்டலாம்.

டின்களை அடுத்த வருடத்துக்குக் கட்டி வைக்குமுன் துடைத்துக் காய வையுங்கள், பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். நாங்கள் கழற்றாமல் வைத்ததில் பாதி விளக்கு உப்புப் பூத்துப் போனது.