ஸ்போர்ட்டி கார் தூக்கிப் போடுகிறதா? ஸ்பிரிங்கை மாற்றும் முன் டயரைப் பாருங்கள்

சஸ்பென்ஷனில் கை வைப்பதற்கு முன் டயர் காற்றழுத்தத்தை ஓட்டுநர் பக்கக் கதவருகே உள்ள ஸ்டிக்கரோடு ஒப்பிட்டுவிடுங்கள். காற்று அதிகமாக இருந்தாலே கார் கல் மாதிரி ஓடும்.

அடுத்தது சக்கரம். என்னைக் கேட்டால் முதல் செலவை இதில்தான் செய்யச் சொல்வேன். 225/40 ஆர்18 டயரின் (அகலம் 225 மி.மீ., பக்கச்சுவர் அதில் 40 சதவீதம், ரிம் 18 அங்குலம்) பக்கச்சுவர் உயரம் 90 மி.மீ.; 225/45 ஆர்17-க்கு மாறினால் அது சுமார் 101 மி.மீ. ஆகிறது. மொத்த விட்டம் கிட்டத்தட்ட அதேதான், ஆனால் சின்னச் சின்ன குழிகளின் அதிர்ச்சியை டயரே வாங்கிக்கொள்ளும். பிரேக் காலிப்பர் (பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) 17 அங்குல ரிம்முக்குள் அடங்குமா என்று மட்டும் முன்பே பார்த்துவிடுங்கள்.

அப்புறம்தான் ஷாக் அப்சார்பர். எண்ணெய் கசிந்திருந்தாலோ, மேட்டில் ஏறி இறங்கியதும் கார் இரண்டு மூன்று முறை ஆடினாலோ மாற்றியே ஆக வேண்டும், அதுவும் ஒரே அச்சின் இரு பக்கமும் சேர்த்து. அட்ஜஸ்ட் செய்யக்கூடிய வகை என்றால் மிக மென்மையான நிலையில் தொடங்கி, கார் மிதப்பது நிற்கும் வரை ஒவ்வொரு கிளிக்காக இறுக்குங்கள். காரைத் தாழ்த்தும் குட்டை ஸ்பிரிங் வேண்டவே வேண்டாம். சக்கரம் மேலெழும்ப இடம் குறைந்து, சஸ்பென்ஷன் ஓட்டத்தின் கடைசியில் இருக்கும் ரப்பர் தடுப்பான பம்ப் ஸ்டாப்பில் போய் இடிக்கும்.

சஸ்பென்ஷன் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ்ஷை மாற்றினால், கார் தன் எடையில் நிற்கும் நிலையில்தான் போல்ட்டை இறுக்கச் சொல்லுங்கள். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம்.