கராத்தேயை விளையாட்டுச் சாமானாக வாங்கிக் கொடுக்காதீர்கள்

போன வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய்த் திரும்பும்போது, வழியில் ஒரு கடையில் மகன் கேட்டானென்று, கராத்தேக்காரர் சுழற்றுகிற நன்சாக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். சங்கிலியால் கோத்த இரண்டு பிளாஸ்டிக் தடிகள். வீட்டுக்கு வந்து அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை, அவன் சுழற்றியது பின்னால் நின்ற தங்கச்சியின் புருவத்தில் பட்டு மூன்று தையல். கண்ணுக்கு ஒரு விரலளவு மேலே. அன்றிலிருந்து பல மாஸ்ரர்மாரிடம் கேட்டும் வகுப்புகளை நேரில் போய்ப் பார்த்தும் அறிந்ததை, கிளிநொச்சி, மாங்குளம், புதுக்குடியிருப்பு என்று எங்கள் பக்கத்தில் பிள்ளைகளைக் கராத்தேக்கோ சிலம்பத்துக்கோ அனுப்ப நினைக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதற்பிழை நான் விட்டதுதான், பழக்கத்துக்கு முன்னால் ஆயுதத்தைக் கொடுப்பது. நன்சாக்கில் ஒரு தடியைப் பிடித்துச் சுழற்றினால் மற்றது கையை விட வேகமாக ஓடும், எதிலாவது பட்டால் துள்ளித் திரும்பும், எங்கே திரும்பும் என்பது பழகாத கைக்குத் தெரியாது. பிளாஸ்டிக் என்றாலும் அந்த வேகம் வேகம்தான். சிலம்பத்தில் காலடி பழகின பிறகுதான் கம்பு கைக்கு வரும், அதையும் பிள்ளையின் உயரம் பார்த்து எடுப்பார்கள். கடையில் ஐந்து வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் ஒரே நீளம்தான்.

அடுத்தது பட்டி. "இரண்டு வருஷத்தில் கறுப்புப் பட்டி" என்று யாராவது சொன்னால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். நிறப் பட்டி ஏதோ ஆயிரம் வருஷத்துப் பழைய வழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1880களில் தொடங்கிய தர முறையிலிருந்து வந்தது அது. ஒக்கினாவாத் தீவிலிருந்து கராத்தேயை ஜப்பானின் பெருநிலத்துக்குக் கொண்டுபோன கிச்சின் ஃபுனகோஷி 1924இல்தான் தன் மாணவர்களுக்கு அந்தத் தரத்தைக் கொடுக்கத் தொடங்கினார். கறுப்புப் பட்டியின் முதல் தரத்துக்கு ஷோடான் என்று பெயர், தொடக்கப் படி என்று அர்த்தம். அப்படியானதை மூன்று மாதத்துக்கு ஒரு நிறமென்று மாற்றி, ஒவ்வொன்றுக்கும் தேர்வுக் காசு, சான்றிதழ்க் காசு, படக் காசு என்று வாங்கினால், கூலி வேலைக்குப் போய் அதைக் கட்டுகிற தகப்பனுக்கு என்ன மிஞ்சும்? சேரும்போதே ஒரு வருஷத்துக்கு மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். ஆளைப் பற்றிச் சந்தேகமென்றால் மாவட்டச் செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தரிடம் விசாரிக்கலாம்.

எனக்கு ஆகக் கோபம் வருவது மேடைக் காட்சிகளில். பரிசளிப்பு விழாவில் எட்டு வயதுப் பிள்ளை ஓடு உடைக்கிறது, சனம் கைதட்டுகிறது. சில இடத்தில் பிள்ளையின் வயிற்றுக்கு மேலால் மோட்டார் சைக்கிள் ஏற்றுகிறார்கள். பிள்ளையின் எலும்பு வளர்ந்து முடிந்த எலும்பல்ல, நுனிகளில் இன்னும் குருத்தெலும்பாக இருக்கிற ஒரு பகுதி இருக்கிறது, நீளம் வளர்வது அங்கேதான், அது முழுதாக இறுகிப்போகப் பதின்ம வயதின் கடைசிவரை ஆகலாம். அந்த இடத்தில் திரும்பத் திரும்ப அடிபட்டால் எலும்பு கோணலாக வளரலாம், வளராமலே நிற்கலாம். வயிற்றுக்குள் மண்ணீரல், ஈரல் இருக்கின்றன. அவற்றை எந்தப் பயிற்சியும் இரும்பாக்காது. உங்கள் பிள்ளையை அப்படிக் கேட்டால் மாட்டேன் என்று சொல்லுங்கள், மாஸ்ரர் மனம் நோவாரே என்று பார்க்க வேண்டாம்.

பெண் பிள்ளைகளின் பெற்றோரிடம் பயத்தை வைத்து விற்பதும் நடக்கிறது. பத்து வகுப்பில் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்வாள் என்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளை வளர்ந்த ஆம்பிளையை அடித்து வீழ்த்த முடியாது, முடியும் என்று நம்ப வைப்பது அவளை ஆபத்தில் விடுவது. கத்த, கையை உதறிவிட்டு ஓட, வந்து வீட்டில் சொல்லப் பழக்க வேண்டும். தொல்லை தருகிறவர் பெரும்பாலும் தெரிந்த ஆளாகவே இருப்பார், அதனால் சொன்னதும் நம்புகிற வீடு வேண்டும். சிறுவர்களுக்கான 1929 இலக்கத்தையும் பாடமாக்கிக் கொடுங்கள்.

விளையாட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. சின்னப் பிள்ளை விளையாட்டால்தான் பழகும். இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஒருவர் முழங்காலை மற்றவர் உள்ளங்கையால் தொடப் பார்க்கிற விளையாட்டில் தூரமும் காலடியும் தானாக வரும். எங்கள் கிளித்தட்டு அதற்கு மேல், மறிக்கவும், மறிக்கிறவரை ஏய்த்துக் கடந்து உச்சவும் அதைப்போல் பழக்குகிற விளையாட்டு எனக்குத் தெரிந்து வேறில்லை. ஆனால் கையில் ஆயுதத்தையும் வாயில் "அடி, கொல்லு" என்ற சத்தத்தையும் கொடுத்து அணிவகுக்க வைப்பது வேறு. 2009க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அது வெறும் சத்தம். முற்றத்தில் இவர்கள் அப்படிக் கத்தினால் பக்கத்து வீட்டு அம்மம்மா எழும்பி உள்ளே போய்விடுவா. ஏன் என்று இந்த மண்ணில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

சரி, நல்ல வகுப்பை எப்படி அறிவது? ஒருநாள் ஓரமாக இருந்து பாருங்கள். அடிக்கச் சொல்கிறார்களா, அடியை நிறுத்தச் சொல்கிறார்களா என்று பாருங்கள். மகன் இப்போது போகிற இடத்தில் பழைய பேப்பர் ஒன்றைக் கயிற்றில் தொங்கவிட்டிருக்கிறார்கள். முழு வேகத்தில் குத்த வேண்டும், கை பேப்பருக்கு ஓர் அங்குலம் முன்னால் நிற்க வேண்டும், கிழிந்தால் திரும்ப முதலிலிருந்து. நாலு மாதமாகப் போகிறான், இன்னும் வெள்ளைப் பட்டிதான். நேற்றுப் பின்னேரம் வீட்டில் பழகிக் காட்டினான். பேப்பரைப் பிடித்துக்கொண்டு நின்றது தங்கச்சி.