குவில்ட் கத்துக்கணுமா, கடைக்குப் போகாதீங்க, பீரோவைத் திறங்க

குவில்ட் தைக்கணும்னு ஆசைப்படுறவங்க முதல்ல கேக்குற கேள்வியே "என்னென்ன வாங்கணும்?"ங்கிறதுதான், பாதிப்பேர் அதோட நின்னும் போயிடுறாங்க. நானும் அந்தக் கூட்டம்தான். ரோட்டரி கட்டர் (உருண்டு வெட்டுற சக்கர பிளேடு), அதுக்கு அடியில விரிக்கிற மேட், நீளமான அக்ரிலிக் ஸ்கேல்னு எல்லாம் ஆர்டர் போட்டு வாங்கி, எடுத்த எடுப்புலயே டபுள் காட் சைஸ்ல ஒரு டிசைனைப் பிடிச்சு, நாப்பது சதுரம் வெட்டி, அதுல எதுவுமே எதுகூடவும் ஒழுங்கா சேரலைன்னு தெரிஞ்சதும் மூட்டையாக் கட்டிப் பரண்ல ஏத்திட்டேன். அப்புறம் நிஜமாவே கத்துக்கிட்டது ரெண்டு சின்னத் துண்டுலதான், ஒண்ணு கையால, ஒண்ணு மிஷின்ல. அந்த வரிசையிலயே உங்களுக்கும் சொல்றேன்.

குவில்ட்னா ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல. மேல ஒரு துணி, அடியில ஒரு துணி, நடுவுல மெத்துன்னு ஏதோ ஒண்ணு, மூணையும் சேர்த்துப் பிடிக்கிற தையல், அவ்வளவுதான். வங்காளத்துல காந்தா, மகாராஷ்டிராவுல கோதடி, வட கர்நாடகாவுல கௌதி, சிந்துல ரல்லின்னு ஊருக்கு ஒரு பேர். யாரும் இதுக்குன்னு கடையில துணி எடுத்தவங்க இல்ல, கட்டிக் கிழிஞ்ச துணிதான். அமெரிக்காவுல அலபாமா மாநிலத்துல ஜீஸ் பெண்ட்னு ஒரு ஊர், அங்க இருக்குற கறுப்பினப் பெண்கள் வேலைக்குப் போட்டு நைஞ்சுபோன பேண்ட்டையும் சட்டையையும் வெட்டித் தைச்ச குவில்ட் 2002ல மியூசியத்துல மாட்டினாங்க, 2006ல அந்த நாட்டு ஸ்டாம்ப்லயே வந்துச்சு. அந்த வீட்டுப் பிள்ளைங்களுக்கு முதல் பாடம் என்னன்னா, பெரியவங்க தைக்கிறப்போ பக்கத்துல இருந்து ஊசியில நூல் கோத்துக் குடுக்குறது. கட்டர் மேட் எல்லாம் இல்ல.

அதனால முதல் துண்டு கையால. இதுக்கு நான் சொல்றது காவந்தி முறை. கர்நாடகாவுல உத்தர கன்னடா மாவட்டத்துல எல்லாபூர், ஹளியால், முண்டகோடு பக்கம் சித்தின்னு ஒரு சமூகத்து மக்கள் இருக்காங்க. ஆப்பிரிக்காவுல இருந்து போர்த்துக்கீசியர் அடிமையா கோவாவுக்குக் கொண்டுவந்தவங்கள்ல பலபேர் தப்பிச்சு அந்தக் காட்டுப்பக்கம் வந்து தங்கினாங்க, அவங்க வழியில வந்தவங்க. அவங்க தைக்கிற போர்வைக்குப் பேர்தான் காவந்தி. இதுல அளவு எடுக்குறது கிடையாது, ஓரம் கட்டுற வேலை கிடையாது, துண்டைச் சேர்க்குறது ஒரு தையல், மெத்தையாக்குறது இன்னொரு தையல்னு ரெண்டு வேலையும் கிடையாது, எல்லாம் ஒரே ஓட்டத்துல முடியும். புதுசா வர்றவங்களுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லைங்கிறது என் அபிப்ராயம்.

துணி காட்டனா இருக்கணும், இதுல மட்டும் சமரசம் வேண்டாம். பாலியஸ்டர் வழுக்கும், மடிச்சா மடிப்பு நிக்காது. நல்லாக் கட்டி நைஞ்ச காட்டன் புடவை, பழைய வேட்டி, டெய்லர் கடையில கேட்டா ஒரு கவர்ல போட்டுக் குடுக்குற வெட்டுத்துண்டு, இதெல்லாம் போதும். எது எடுத்தாலும் முதல்ல தண்ணியில நனைச்சு ஒரு வெள்ளைத் துணியில அழுத்திப் பாருங்க. நான் இதைச் செய்யாம ஒரு அரக்குச் சுங்குடியை வெள்ளை வேட்டித் துண்டு பக்கத்துல வெச்சுத் தைச்சேன், ரெண்டு வாரத்து வேலை, முதல் துவையல்ல மொத்தமும் ரோஸ் மில்க் கலர் ஆயிடுச்சு. சாயம் விடுற துணியைத் தனியா ரெண்டு மூணு தடவை அலசிட்டு மறுபடி பாருங்க, அப்பவும் விட்டுச்சுன்னா அது கரித்துணிக்குத்தான்.

அடித்துணி 20 இன்ச்சுக்கு 20 இன்ச். நடுவுல வைக்கிறது 19க்கு 19, பழைய பெட்ஷீட் ஒரு மடிப்பு போதும், நம்ம ஊர் வெயிலுக்குப் பஞ்சு வெச்சா அதுல யார் படுக்குறது. அடித்துணியோட நாலு ஓரத்தையும் அரை இன்ச் உள்பக்கமா மடிச்சு நடுத்துணி மேல கொண்டுவந்து, நீளநீளமா கச்சாத்தையல் போட்டு நிறுத்திக்குங்க. மேல வர்ற துண்டுகள் உள்ளங்கை அளவு இருந்தாப் போதும், சதுரமா நீளமா எப்படி வேணா இருக்கலாம்.

ஊசி சின்னதா, கண்ணு கொஞ்சம் பெருசா இருக்கணும். நூலுக்கு எம்ப்ராய்டரி நூல்ல இருக்குற ஆறு இழையில மூணு இழையைப் பிரிச்சு எடுத்துக்கலாம், மிஷின் நூல்னா ரெட்டையா கோத்துக்குங்க. நூலை விரல் நுனியில இருந்து முழங்கை வரைக்கும் அளந்து வெட்டுங்க, அதைவிடக் கொஞ்சம் கூட இருக்கலாம், ஆனா அடிக்கடி கோக்கச் சோம்பல்பட்டு ரெண்டு முழம் எடுத்தீங்கன்னா சிக்கு எடுக்கவே பாதி நேரம் போயிடும்.

வலதுகைக்காரங்க ஊசியை வலமிருந்து இடமாத்தான் ஓட்டுவாங்க, அதனால உங்க பக்கம் இருக்குற ஓரத்துல வலது மூலையில ஆரம்பிங்க. முதல் துண்டோட கீழ் ஓரத்தையும் வலது ஓரத்தையும் கால் இன்ச் உள்ள மடிச்சு, அடித்துணியோட மூலையும் இதோட மூலையும் ஒண்ணா உக்கார்ற மாதிரி வையுங்க. மேல் ஓரமும் இடது ஓரமும் மடிக்காம அப்படியே இருக்கட்டும். இப்ப ஓரத்துல இருந்து ஒரு நூல் தள்ளி ஓட்டுத்தையல், அதாவது ஊசி மேலயும் கீழயுமா போய் வர்ற சாதாரணத் தையல். (டெய்லர், ஆசாரி எல்லாம் சொல்ற நூல்தான், எட்டு நூல் ஒரு இன்ச்.) துண்டு முடியப்போகுதுன்னு தெரியும்போது அடுத்த துண்டை எடுத்து, அதோட கீழ் ஓரத்தையும் வலது ஓரத்தையும் மடிச்சு, முதல் துண்டோட மடிக்காத இடது ஓரத்தை மூடுற மாதிரி மேல வெச்சுட்டு, ஊசியை நிறுத்தாம அப்படியே போய்க்கிட்டே இருங்க. மூலை வந்தா அந்தத் துண்டோட இடது ஓரத்தையும் மடிச்சுட்டு துணியைத் திருப்பிக்குங்க. ஒரு சுத்து முடிஞ்சதும் அடுத்த சுத்து ஒரு விரல் அகலம் உள்ள தள்ளி. இப்படியே கோயில் பிராகாரம் சுத்துற மாதிரி வெளிய இருந்து உள்ள போறீங்க. முதல் வரிசைத் துண்டோட உள்பக்க ஓரம் பிசிறா நிக்கும்ல, அதை அடுத்த வரிசைத் துண்டோட மடிப்பு மூடும். கடைசியா நட்ட நடுவுல ஒரு ஓட்டை மிஞ்சும், அதுக்கு மட்டும் நாலு பக்கமும் மடிச்ச துண்டு ஒண்ணு, அதையும் தைச்சா முடிஞ்சது.

ஓட்டுத்தையல்தான் இதுல கையில வரவேண்டிய விஷயம். ஒவ்வொரு தையலா குத்தி இழுக்காதீங்க. வலது கை ஊசியைச் சாய்ச்சு நிமித்தி ஆட்டிக்கிட்டே இருக்கணும், இடது கை ஆள்காட்டி விரல் துணிக்கு அடியில இருந்து, ஊசி நுனி லேசா தட்டுனதும் மேல தள்ளிவிடணும். நாலஞ்சு தையல் ஊசியில ஏறினதும் ஒரே இழுப்பு. அடிவிரல்ல நுனி தட்டலைன்னா தையல் அடித்துணி வரைக்கும் போகலைன்னு அர்த்தம். முதல் நாள் அந்த விரல்ல நாலு குத்து விழும், ரத்தக்கறை பட்டா உடனே பச்சைத் தண்ணி, சுடுதண்ணி மட்டும் படவே கூடாது. ஊசியோட பின்பக்கத்தைத் தள்ளுறதுக்கு நடுவிரல்ல ஒரு திம்பிள் (விரல் நுனியில மாட்டுற குப்பி), அஞ்சு நிமிஷம் எரிச்சலா இருக்கும், பழகிட்டா அது இல்லாம தைக்கவே வராது. தையல் பொடிசா இருக்கணும்னு அவசியமே இல்ல, ஒரே சீரா இருந்தாப் போதும். இன்ச்சுக்கு நாலு தையல் வந்தாலே ரொம்ப நல்ல கைதான்.

முடிச்சை வெளிய விடாதீங்க. நூல் நுனியில சின்ன முடிச்சு போட்டு, ஆரம்பிக்கிற இடத்துக்கு ஒரு இன்ச் தள்ளி மேல்துணியில மட்டும் ஊசியை இறக்கி வெளிய எடுத்து வெடுக்குன்னு இழுத்தா, டப்னு ஒரு சின்ன சத்தத்தோட முடிச்சு உள்ள போய் உக்காந்துக்கும். அந்தச் சத்தம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சித்திப் பெண்கள் நாலு மூலையிலயும் துணியை முக்கோணமா மடிச்சு அடுக்கி ஒரு பூ வெப்பாங்க, அதுக்குப் பேர் ஃபூலா. அது இல்லாத காவந்தி ஆடை கட்டாத மாதிரின்னு சொல்லுவாங்க. ஆரம்பத்துலயே மூலை மடிப்புக்குள்ள செருகித் தைச்சுட்டா நல்லது, மறந்துட்டா கடைசியில வெச்சும் தைக்கலாம்.

நான் இதைத் தைச்சுக்கிட்டு இருந்தப்போ எங்க அத்தை வந்து உக்காந்து பார்த்துட்டு, "ஏண்டி, பச்சப்புள்ளைக்குப் பழம்புடவையை நாலா மடிச்சு ஓட்டித் தருவோமே, அதுக்கா இவ்ளோ கண்ணாடி போட்டுக்கிட்டு உக்காந்திருக்க"ன்னு ஊசியைப் பிடுங்கி ஒரு வரிசை ஓட்டிக் காமிச்சாங்க. அந்த வரிசை இன்னைக்கும் தனியாத் தெரியும், என்னோடதைவிட நேரா இருக்கு.

ரெண்டாவது துண்டு மிஷின்ல. இதுக்குக் கணக்கு வேணும். ஒன்பது கட்டம், அதாவது நைன் பேட்ச் (மூணுக்கு மூணா ஒன்பது சின்னச் சதுரம் சேர்ந்தா ஒரு பிளாக்), 36 இன்ச் சதுரத்துல ஒரு குழந்தைப் போர்வை. அடர் கலர் அரை மீட்டர், வெளிர் கலர் ஒரு மீட்டர், 44 இன்ச் அகலத் துணியா வாங்கி, நனைச்சுக் காயவெச்சு அயர்ன் பண்ணிட்டு வெட்டுங்க.

இங்க பிளவுஸ் தைச்சுப் பழகினவங்கதான் முதல்ல தடுக்கி விழுவாங்க. நம்ம தையல் கிளாஸ்ல பின்னால பிரிச்சு விடறதுக்குன்னு உள்ள தாராளமா துணி விடச் சொல்லித்தானே வளர்த்தாங்க. குவில்ட்ல தையலுக்கு உள்ள போறது ரெண்டே நூல், கால் இன்ச், கூடவும் கூடாது குறையவும் கூடாது. ஒவ்வொரு துண்டுலயும் அரை நூல் கூடப் பிடிச்சீங்கன்னு வையுங்க, ஒரு பிளாக்குல குறுக்க ரெண்டு தையல், தையலுக்கு ரெண்டு துண்டு, ஆக ரெண்டு நூல் போச்சு, ஒன்பதரை வரவேண்டிய பிளாக் ஒன்பதேகால்ல நிக்கும், பக்கத்துல ஒன்பதரைக்கு வெட்டின சதுரத்தோட சேரவே சேராது. என் பரண் மூட்டை இந்தக் கதைதான். மிஷின் ஊசியில இருந்து கால் இன்ச் அளந்து தகட்டு மேல ஒரு டேப் ஒட்டிடுங்க, துணி ஓரம் அந்த டேப்பை உரசிக்கிட்டே போகணும், கண்ணு ஊசியைப் பார்க்க வேண்டாம், டேப்பைப் பார்த்தாப் போதும்.

சதுரம் சதுரமா வெட்டாதீங்க. துணியோட முழு அகலத்துக்கும் மூணரை இன்ச் பட்டையா, அடர் 5, வெளிர் 4 வெட்டுங்க. அடர்-வெளிர்-அடர்னு மூணு பட்டையைச் சேர்த்துத் தைச்ச செட் ரெண்டு, வெளிர்-அடர்-வெளிர் ஒரு செட். அயர்ன் பண்ணிட்டு அந்தச் செட்டைக் குறுக்க மூணரை இன்ச்சுக்கு ஒண்ணா வெட்டினா வரிசை வரிசையா ரெடியா வந்து விழும். முதல் வகை 16 துண்டு, ரெண்டாவது வகை 8 துண்டு, மேலயும் கீழயும் முதல் வகை, நடுவுல ரெண்டாவது வகைன்னு சேர்த்தா ஒரு பிளாக், இது 8 பிளாக்குக்கு. மிச்ச வெளிர் துணியில ஒன்பதரை இன்ச் சதுரம் 8. பிளாக், சதுரம், பிளாக், சதுரம்னு மாத்தி மாத்தி நாலுக்கு நாலு.

அயர்ன் பண்றதுல ஒரு விஷயம், பெட்டியை இழுத்துத் தேய்க்காதீங்க, வெச்சு அழுத்தி எடுத்து அடுத்த இடத்துல வையுங்க, இழுத்தா பட்டை வாழைப்பழம் மாதிரி வளைஞ்சுடும். தையலோட உள்துணியை எப்பவும் அடர் கலர் பக்கம் சாய்ச்சு அழுத்துங்க. அப்ப ரெண்டு வரிசையைச் சேர்க்கும்போது ஒண்ணோட மேடு இந்தப் பக்கம், இன்னொண்ணோட மேடு அந்தப் பக்கம்னு எதிரெதிரா வரும், விரலால தடவினா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு முட்டி நிக்கிறது தெரியும், அந்த இடத்துல ஒரு குண்டூசி. மூலை நாலும் கூடுற இடம் கச்சிதமா வர்றது இதனாலதான். இன்னொண்ணு, ஒவ்வொரு ஜோடிக்கும் நூலை வெட்டாதீங்க, ஒண்ணு முடிஞ்சதும் ரெண்டு தையல் வெறுமனே ஓடவிட்டு அடுத்ததைக் குடுங்க, மாவிலைத் தோரணம் மாதிரி நீளமா வரும், அப்புறம் மொத்தமா வெட்டிக்கலாம்.

அடித்துணி எல்லாப் பக்கமும் ரெண்டு இன்ச் கூட, 40க்கு 40. தரையில நல்லா இழுத்து டேப் போட்டு ஒட்டி, நடுத்துணி, மேல்துணி அடுக்கி, நடுவுல இருந்து வெளிய ஒரு கை அகலத்துக்கு ஒரு ஊக்குன்னு குத்திக்கிட்டே வாங்க. மூணு அடுக்கையும் மிஷின்ல ஓட்டினா மேல்துணி மட்டும் நகர்ந்து சுருக்கம் விழும், அதுக்கு வாக்கிங் ஃபுட்னு தனியா ஒரு பாதம் வேணும், அதனால முதல் தடவை கையாலயே ஓட்டுங்க, அதான் காவந்தியில பழகியாச்சே. அவசரம்னா ஒவ்வொரு கட்டம் கூடுற இடத்துலயும் கெட்டி நூல்ல ரெண்டு முடிச்சு போட்டும் விடலாம், அதுவும் பழைய வழக்கம்தான், ஆனா கைக்குழந்தைக்குன்னா முடிச்சு நூல் வேண்டாம், வாயில வெச்சு இழுக்கும்.

ஓரத்துக்கு ரெண்டரை இன்ச் பட்டையை நீளவாக்குல ரெண்டா மடிச்சு அயர்ன் பண்ணி, மொத்தம் 155 இன்ச் நீளம் வர்ற மாதிரி ஒட்டுப்போட்டு, முன்பக்கம் மிஷின்ல பிடிச்சு பின்பக்கம் திருப்பிக் கையால எம்மிங். தைக்கிறதுக்கு முன்னாடி சுத்தி மிஞ்சி நிக்கிற துணியை நேரா வெட்டிடுங்க.

முதல் தடவை துவைக்கும்போது பச்சைத் தண்ணியில கையால அலசி, பிழியாம ஒரு டவல்ல சுருட்டி அழுத்தி, கொடியில தொங்கவிடாம நிழல்ல விரிச்சுக் காயவையுங்க. காஞ்சு எடுக்கும்போது தையலைச் சுத்தி லேசா சுருங்கி மேடும் பள்ளமுமா இருக்கும், பதறிப்போய் அயர்ன் பெட்டியைத் தூக்கிடாதீங்க, அது அப்படித்தான் இருக்கணும்.