பயணத்தில் டீசல் கெட்டு ஃபில்டர் அடைத்துக்கொண்டால் செய்ய வேண்டியவை

பெங்களூரிலிருந்து ஓசூர் வழியாகச் சொந்த ஊருக்குப் போய்வரும் டீசல் வண்டிக்காரர்கள் கவனிக்க வேண்டிய முதல் செய்தி, ஃபில்டர் அடைப்பு பெரும்பாலும் ஏற்றத்தில்தான் வெளிப்படும் என்பது. சேலத்திலிருந்து திரும்பும்போது, சமதரையில் குறையின்றி ஓடிவந்த என் வண்டி, தொப்பூர்க் கணவாய் ஏற்றத்தில் மூன்றாம் கியரிலும் திணறியது. சுமை கூடும்போது எஞ்சின் அதிக டீசலைக் கேட்கிறது. அடைபட்ட ஃபில்டரால் அதைக் கொடுக்க முடிவதில்லை. ஆக்ஸிலரேட்டரை மிதித்தும் வேகம் ஏறாமல், காலை எடுத்தால் வண்டி சீராக ஓடினால், சந்தேகம் முதலில் ஃபில்டர் மீது செல்ல வேண்டும்.

வண்டியைச் சாலையோரமாக நிறுத்தி, எச்சரிக்கை விளக்குகளைப் போட்டு, எஞ்சினை அணைத்துவிடுங்கள். பிறகு திரும்பத் திரும்பச் சாவியைத் திருகாதீர்கள். ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டர்களுக்கும் (டீசலை எஞ்சினுக்குள் பீய்ச்சும் கருவிகள்) டீசல் போகும் இன்றைய காமன் ரெயில் எஞ்சின்களில், பம்பு டீசலை 1,600 பார் (அழுத்த அலகு) அளவிலும் அதற்கு மேலும் அழுத்துகிறது. அந்தப் பம்புக்கும் இன்ஜெக்டர்களுக்கும் டீசலே மசகு என்பதால், தண்ணீர் உள்ளே போனால் ஏற்படும் செலவு ஃபில்டர் விலையைப் போலப் பல மடங்காகும். அழுத்தம் இவ்வளவு அதிகம் என்பதால், பழைய வண்டிகளில் செய்வதுபோல இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்க (உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற) முயல வேண்டாம். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உடலுக்குள் புகுந்துவிடும்.

எஞ்சின் ஆறிய பிறகு, ஃபில்டரின் அடியிலுள்ள வடிகால் திருகைச் சற்றே தளர்த்தி, வருவதை நிறமற்ற பாட்டிலில் பிடித்துச் சில நிமிடங்கள் அசையாமல் வையுங்கள். டீசலைவிடத் தண்ணீர் கனமானது என்பதால் அடியில் தனியாகத் தங்கும். தெளிந்த டீசல் மட்டும் வரும்வரை வடித்துவிட்டு, திருகை இறுக்கி, ஃபில்டருக்கு டீசலை ஏற்றும் கைப்பம்பு இருக்கும் வண்டியானால் அது கெட்டிப்படும்வரை அழுத்துங்கள். அந்தப் பாட்டிலைக் கொட்டிவிடாதீர்கள், ஏனெனில் நோய் எது என்பதை அதுதான் சொல்லும். தண்ணீர் மட்டும் இருந்தால் வடித்ததே பெரும்பாலும் போதும். பழுப்புத் துரு இருந்தால் குறை டேங்கில் இருக்கக்கூடும். கருத்த கொழகொழப்பு இருந்தால், தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் வளரும் நுண்ணுயிர்கள் டேங்கில் குடியேறியிருக்கலாம். பல மாதம் அடுக்குமாடி வாகன நிறுத்தத்தில் ஓடாமல் நின்ற வண்டிகளுக்கு இந்த அபாயம் அதிகம்.

வடித்தும் இழுவை திரும்பாவிட்டால் ஃபில்டரை மாற்ற வேண்டும். புதிய ஃபில்டரின் நடுத்துளை பெரும்பாலான வண்டிகளில் வடிகட்டிய டீசல் வெளியேறும் வழி. கேனிலிருந்து அதில் டீசலை ஊற்றினால், தூசி நேராக இன்ஜெக்டருக்குப் போகும். ஆகையால் ஃபில்டரைக் காலியாகவே பொருத்தி, ரப்பர் வளையத்தில் சிறிது டீசல் தடவி, கைப்பம்பால் நிரப்புவதே நல்லது. பெங்களூர் ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் உங்கள் வண்டிக்குரிய ஃபில்டரின் பாக எண்ணைச் சொல்லி, புறப்படும் முன்பே இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று போதாது என்பதை அனுபவத்தில் கண்டிருக்கிறேன்: டேங்கில் அழுக்கு இருந்தால் புதியதும் சில நூறு கிலோமீட்டரில் அடைத்துக்கொள்ளும். அப்படி அடைத்தால் மூன்றாவதைத் தேடாமல், பட்டறையில் டேங்கைக் கழற்றிக் கழுவச் சொல்லுங்கள்.

பெட்ரோல் பங்கில் டேங்கர் லாரி எரிபொருளை இறக்கிக்கொண்டிருக்கும்போது டீசல் போடாதீர்கள், நிலத்தடித் தொட்டியின் அடியில் படிந்தது அப்போது கலங்கும். ஐயம் வந்தால் அடர்த்தியைச் சோதித்துக் காட்டும்படி கேட்கலாம். அன்று பதிவேட்டில் எழுதியிருக்கும் அளவிலிருந்து ஒரு கனமீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் வேறுபடக் கூடாது. ஒவ்வொரு முறையும் ரசீதை வாங்கி வையுங்கள். கெட்ட டீசல் என்று புகார் செய்யும்போது, முத்திரையிட்ட மாதிரிப் பாட்டிலும் அந்த ரசீதும் சேர்ந்தால்தான் எந்தப் பங்கில், எந்த நாளில் போட்டது என்பதைக் காட்ட முடியும்.