அந்தி வெளிச்சத்தில் குடும்பப் படம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெசன்ட் நகர் கடற்கரையில் சாயங்காலம் நின்றால், புதிதாக கேமரா எடுத்தவர்கள் ஒரே மாதிரி சறுக்குவதைப் பார்க்கலாம். லென்ஸ் துடைப்பது, பேட்டரி சார்ஜ் போடுவதெல்லாம் அவர்களுக்கே தெரியும். மற்றதைச் சொல்கிறேன்.

மொபைல் காட்டும் அஸ்தமன நேரத்தை நம்புவது

சென்னையில் டிசம்பரில் 5.45 வாக்கிலும் ஜூனில் 6.35 வாக்கிலும் சூரியன் மறையும். அது தடையில்லாத அடிவானத்துக்கான கணக்கு. நமக்குக் கடல் கிழக்கே. சூரியன் இறங்குவது ஊர்ப்பக்கம். அடுக்குமாடிகளுக்குப் பின்னால் அது முன்கூட்டியே போய்விடும்.

அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு ஒரு குடும்பம் வந்திருந்தது. போட்டோகிராபர் தம்பி சொன்ன நேரத்துக்குத்தான் வந்தார்கள். புடவை மடிப்பைச் சரிசெய்து, தண்ணீருக்கு ஓடிய பேரனைப் பிடித்து வந்து நிறுத்துவதற்குள் முகத்தில் வெயில் இல்லை. பதறிப்போய் அப்பர்ச்சரை, அதாவது லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளையை, எஃப்/1.8க்கு அகலத் திறந்தார், பின்வரிசை மங்கிவிட்டது. ஷட்டர் வேகத்தை 1/30 நொடிக்கு இறக்கினார், அசைந்த பேரன் படத்தில் கலங்கலாக விழுந்தான். அந்தத் தாத்தா பாட்டியை மறுபடி மாலையும் பட்டுமாக மணலில் நிறுத்த முடியுமா? நினைத்தால் இன்னமும் எரிச்சல் வருகிறது.

அஸ்தமனத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் முன்பே எல்லாரையும் வரச் சொல்லுங்கள். பெரியவர்களை முதலில் எடுங்கள். கண் கூசினால் மூடச் சொல்லி, மூன்று எண்ணியதும் திறக்கச் சொல்லுங்கள். இரண்டு வரிசைக்கு அப்பர்ச்சர் எஃப்/5.6 அல்லது எஃப்/8, ஷட்டர் வேகம் 1/200 நொடிக்குக் குறையக் கூடாது. வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓவை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டும் கேமரா அமைப்பு) ஏற்றுங்கள். அதனால் வரும் நாய்ஸை, அதாவது புள்ளிப் புள்ளியான கரகரப்பை, எடிட்டிங்கில் குறைத்துக்கொள்ளலாம், கலங்கிய முகத்தை மீட்பது கஷ்டம்.

கடலில் சூரியன் மறையும் படம் கேட்பது

இங்கே நடக்காது. கடலும் சூரியனும் சேர்ந்து வேண்டுமென்றால் விடியற்காலையில் வாருங்கள்.

ஒரே கிளிக்கோடு நிறுத்துவது

யாராவது ஒருவர் கண் மூடியிருப்பார். யாரும் நகராமல் வரிசையாகப் பத்துப் படம் எடுங்கள். அப்போதுதான் ஒரு படத்து முகத்தை இன்னொன்றில் பொருத்த முடியும்.

ஆளை வெளுப்பாக்குவது

“கொஞ்சம் கலர் ஏத்துங்க தம்பி” என்று வீட்டார் கேட்பார்கள். செய்யாதீர்கள். முகம் மட்டும் வெளுத்து, கழுத்தும் கையும் வேறு ஆளுடையது போல நிற்கும். அந்தி வெயிலில் மாநிறமும் கறுப்பும் எவ்வளவு அழகாக மின்னுகின்றன! எடிட்டிங்கில் நிழல் விழுந்த இடத்தை லேசாக வெளிச்சமாக்கினால் போதும். ரா ஃபைலில் (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) எடுத்து, ஒயிட் பேலன்ஸை, அதாவது வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி நிறத்தைச் சீராக்கும் அமைப்பை, தாத்தாவின் வெள்ளை வேட்டியைப் பார்த்துச் சரிசெய்யுங்கள். மாலை மஞ்சள் கொஞ்சம் மிச்சமிருக்கட்டும்.

திரையை மட்டும் நம்பிப் பிரிண்ட் போடுவது

தாளில் இருட்டாக வரும். முதலில் சின்னதாக ஒன்று போட்டுப் பாருங்கள்.