நாளைய சோதனைக்காக இன்று எடுத்துவைக்கும் மாதிரிகள்: எங்கே தவறுகிறோம்?

ஸ்டாக்ஹோம் தாய்மார்களிடம் 1972 முதல் 1997 வரை வாங்கிய தாய்ப்பால் மாதிரிகள் ஃப்ரீசரில் இருந்தன. 90களின் கடைசியில் அவற்றை எடுத்துச் சோதித்தார்கள். சீக்கிரம் தீப்பிடிக்காமலிருக்க மெத்தை நுரையிலும் மின்சாதனங்களிலும் சேர்த்துவந்த பிபிடிஇ ரசாயனங்கள், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஏறத்தாழ இரட்டிப்பாகி வந்தது தெரிந்தது. 1972இல் இந்த ரசாயனத்தை யாருமே தேடவில்லை!

எதைத் தேடப்போகிறோம் என்று தெரியாமலே மாதிரிகளைப் பத்திரப்படுத்துகிற வேலைதான் மாதிரி வங்கி. அதனால் மாதிரியைத் தொடும் எல்லாவற்றையும் சந்தேகப்பட வேண்டும்.

முதல் சறுக்கல் டப்பாவில். உலோகங்களை அளக்க டெஃப்லான் அருமையானது. அமெரிக்க அரசின் அளவீட்டு நிறுவனமான நிஸ்ட் நடத்தும் கடல் மாதிரி வங்கியிலும் அதைப் பயன்படுத்தினார்கள். ஆனால் உலகின் பல மூலைகளில் வாழும் காட்டுயிர்களின் உடலில் பிஎஃப்ஓஎஸ் என்ற ஃப்ளூரின் ரசாயனம் இருப்பது 2001இல் வெளிவந்தது. டெஃப்லானும் அதே ஃப்ளூரின் குடும்பம்தான், அதனால் டப்பாவிலிருந்தே கலந்ததோ என்ற சந்தேகம் வரும். அந்த ரசாயனங்களை அளக்க பாலிப்ரொப்பிலீன் குப்பிதான் நல்லது. எல்லாவற்றுக்கும் ஏற்ற டப்பா என்று ஒன்று கிடையாது. ஒரே மாதிரியைப் பிரித்து இரண்டு வகைக் குப்பிகளில் வையுங்கள், செலவு கூடினாலும் பரவாயில்லை.

கத்தியும் அப்படித்தான். எவர்சில்வர் கத்தியிலிருந்து குரோமியமும் நிக்கலும் திசுவில் ஏறலாம். டைட்டானியம் கத்தி வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், வீட்டு உபயோகத்துக்கான ஃப்ராஸ்ட்-ஃப்ரீ ஃப்ரீசர் வேண்டவே வேண்டாம். பனியைக் கரைக்க அது அவ்வப்போது சூடேறும். சில மாதத்தில் பையின் உள்பக்கம் பொடிப்பொடியாகப் பனி படிந்திருக்கும். அது மாதிரியிலிருந்து வெளியேறிய தண்ணீர். எடை குறைந்துவிட்டதால், பாதரசம் கிராமுக்கு இவ்வளவு என்று கணக்குப் போடும்போது இல்லாத உயர்வு தெரியும். ஜெர்மனியின் மாதிரி வங்கி திரவ நைட்ரஜன் ஆவியில், மைனஸ் 150 டிகிரிக்கும் கீழே வைத்திருக்கிறது. அங்கே உறைந்த நிலையிலேயே அரைத்து, சின்னச் சின்னக் குப்பிகளாகப் பிரித்துவிடுகிறார்கள். ஒரு சோதனைக்கு ஒரு குப்பி போதும், மற்றவை உருகவேண்டியதில்லை. பெரிய கட்டியாக வைத்துவிட்டு, கேட்கும்போதெல்லாம் உருக்கி வெட்டிக் கொடுப்பது மாதிரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுப்பதுதான்.

குறிப்பெழுதாமல் விடுவதும் பெரிய தவறு. பழைய அருங்காட்சியகங்களில் பறவைத் தோல்களைப் பூச்சி அரிக்காமலிருக்க ஆர்செனிக்கும் பாதரச உப்பும் தடவினார்கள். இன்று அந்த இறகில் பாதரசம் கிடைத்தால், அது பறவை தின்ற மீனிலிருந்து வந்ததா, தடவியதா? மீன் வழியாக உடலில் சேரும் மெத்தில் பாதரசத்தைத் தனியாக அளந்துதான் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. எனவே என்ன தடவினோம், எதில் கழுவினோம், எத்தனை மணிக்கு உறையவைத்தோம் என்று எல்லாவற்றையும் எழுதிவையுங்கள். ஒவ்வொரு தொகுதியோடும் ஒரு காலிக் குப்பியையும் சேர்த்தே உறையவையுங்கள். குப்பியிலிருந்து என்ன கசிந்தது என்று பின்னால் வருபவர் அதை வைத்துத்தான் கழித்துப் பார்ப்பார்.