ரிம்ஃபயர் ரைபிளுக்கு ஸ்கோப் மவுன்ட்: வாங்கும் முன் காடியை அளந்து பாருங்கள்

ஸ்கோப்பைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு வந்து "இதுக்கு எந்த மவுன்ட் வாங்கலாம்?" என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: ஸ்கோப் இருக்கட்டும், முதலில் ரைபிளைக் காட்டுங்கள். ஸ்கோப்பை ரைபிளோடு பிணைக்கும் மவுன்ட் கவ்வப்போவது ரைபிளை. பிடி சரியில்லை என்றால் மேலே எத்தனை நல்ல கண்ணாடி இருந்தும் பிரயோஜனமில்லை. குண்டு இன்று ஓரிடத்தில் விழும், நாளை வேறிடத்தில் விழும். நாமோ பழியைத் தோட்டா மீது போட்டுக்கொண்டிருப்போம்.

".22 தானே, உதைப்பே கிடையாது, எந்த மவுன்ட்டும் தாங்கும்" என்றும் பலர் சொல்கிறார்கள். உதைப்பு குறைவு என்பது உண்மை. அதனால்தான் பெரிய தோட்டா ரைபிள்களுக்கான கனமான மவுன்ட் இங்கே தேவையில்லை. ஆனால் ரிம்ஃபயரில், அதாவது கேஸின் விளிம்பில் ஊசி அடித்து வெடிக்கும் .22 போன்ற சிறு தோட்டா ரைபிள்களில், பிரச்சினை பலத்தில் வருவதில்லை, பொருத்தத்தில் வருகிறது.

எதையும் தொடுவதற்கு முன் மேகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலி என்பதைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். அளவெடுக்கும்போது தோட்டாக்கள் அந்த மேசையிலேயே இருக்க வேண்டாம்.

காடி: 9.5-ஆ, 11-ஆ?

பெரும்பாலான ரிம்ஃபயர் ரைபிள்களில் ரிசீவரின் (போல்ட் இருக்கும் நடு உடம்பின்) மேல் இருபுறமும் நீளவாக்கில் காடி வெட்டியிருக்கும். அதுதான் டவ்டெயில். இதில் இரண்டு அளவுகள் புழக்கத்தில் உள்ளன: 3/8 அங்குலம், அதாவது சுமார் 9.5 மில்லிமீட்டர், இன்னொன்று 11 மில்லிமீட்டர். சீசெட் (CZ) 457, ஆன்ஷூட்ஸ் போன்ற ஐரோப்பிய ரைபிள்களில் 11 வரும். அமெரிக்க ரைபிள்கள் பலவற்றில் 3/8 வரும். கடைகளில் இரண்டையும் ஒரே பெயரில் "ரிம்ஃபயர் ரிங்" (ஸ்கோப் குழாயைச் சுற்றிப் பிடித்து, கீழே காடியைக் கவ்வும் வளையம்) என்று விற்பதும் உண்டு. பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். வெர்னியர் காலிப்பரை எடுத்து, காடிக்கு மேலே இருக்கும் பட்டையின் அகலமான விளிம்பை அளந்து பாருங்கள். முன்பக்கம் ஒருமுறை, பின்பக்கம் ஒருமுறை.

ஒன்றரை மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப்போகிறது என்று நினைக்கலாம். பக்கவாட்டில் இறுக்கும் ரிங்கை உற்றுப் பாருங்கள். ஒரு பக்கக் கவ்வி உடம்போடு சேர்ந்தது, அசையாது. மறுபக்கக் கவ்விதான் ஸ்க்ரூவை முறுக்கும்போது உள்ளே வரும். 11-க்கான ரிங்கை 9.5 காடியில் போட்டால், அசையும் கவ்வி அளவுக்கு மீறி உள்ளே வரவேண்டியிருக்கும். அப்போது ரிங்கின் நடு, பேரலின் நடுக்கோட்டை விட்டு ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். இரண்டு ரிங்கும் ஒரே அளவு ஒதுங்காவிட்டால், அதைச் சரிக்கட்ட ஸ்கோப்பின் குறியைப் பக்கவாட்டில் நகர்த்தும் திருகில் கொஞ்சம் செலவாகும். சில ரிங்குகளில் கவ்வி காடியைப் பிடிப்பதற்கு முன்பே ரிங்கின் உடம்பில் முட்டி நின்றுவிடும். கைக்கு இறுகிவிட்டதாகத் தெரியும், ஆனால் ஸ்கோப்பைப் பிடித்து அசைத்தால் ஆடும். தலைகீழாக, 9.5-க்கான ரிங் 11 காடியில் ஏறினால் கவ்வியின் நுனி மட்டும் விளிம்பைக் கடிக்கும். ரிசீவர் அலுமினியமாக இருந்தால் அந்தத் தடம் அப்படியே நின்றுவிடும்.

இன்னொன்று, ரிங்கை ஸ்கோப் இல்லாமல் காடியில் மாட்டி அடிப்பக்கத்தைப் பாருங்கள். ரிசீவரின் மேல்பகுதி வளைவாக இருக்கும் ரைபிள்களில் ரிங்கின் வயிறு அந்த வளைவில் உட்கார்ந்துகொண்டு, கவ்வியை முழுதாகக் காடிக்குள் இறங்க விடாது.

காடிக்குப் பதிலாகத் திருகுத் துளை போட்ட ரைபிள்களும் உண்டு. ரூகர் 10/22-இல் ரிசீவரின் மேல் பேஸ் (அடிப்பட்டை) ஒன்றைத் திருகித்தான் ரிங் மாட்ட வேண்டும். அந்த பேஸ் வீவரா, பிக்காட்டினியா என்று பாருங்கள்; இரண்டும் குறுக்கே காடி வெட்டிய பட்டையின் வகைகள். வீவரின் குறுக்குக் காடி சுமார் 4.6 மில்லிமீட்டர், பிக்காட்டினியின் காடி 5.2. அதனால் வீவர் ரிங் பிக்காட்டினியில் பொதுவாக உட்காரும். பிக்காட்டினி ரிங்கின் குறுக்குக் கட்டை வீவரில் நுழையாமல் போகலாம். என்னைக் கேட்டால், துளை இருக்கிற ரைபிளில் பிக்காட்டினி பேஸையே போட்டுவிடுங்கள். பிற்பாடு ஸ்கோப் மாற்றும்போது ரிங் தேடி அலைய வேண்டியிருக்காது.

குழாயின் விட்டம் சுலபமான விஷயம்: 25.4 மில்லிமீட்டர் அல்லது 30. பழைய மெல்லிய ரிம்ஃபயர் ஸ்கோப்புகள் 19 அல்லது 22 மில்லிமீட்டராக இருக்கும். ரிங்கும் அதே அளவில் வேண்டும்.

உயரம்

மவுன்ட் வாங்குவதில் உட்கார்ந்து கணக்குப் போடவேண்டிய இடம் இதுதான். லோ, மீடியம், ஹை என்ற பெயர்களுக்குப் பொது அளவு கிடையாது. ஒருவருடைய மீடியம் இன்னொருவருடைய ஹை.

3-9x40 ஸ்கோப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 3-9 என்பது பெரிதாக்கும் மடங்கு, 40 என்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். வெளிக்கூட்டை அளந்தால் 47.5 வருகிறது என்று வையுங்கள். பாதி 23.75. குழாய் 25.4, அதில் பாதி 12.7. கழித்தால் 11.05. அதாவது முன்கூடு பேரலைத் தொடாமல் இருக்க, குழாயின் அடி பேரலுக்கு மேல் குறைந்தது 11 மில்லிமீட்டரில் நிற்க வேண்டும். இடைவெளிக்கு 3 சேர்த்தால் 14. இனி ரிசீவரின் மேல் ஓர் இரும்பு ஸ்கேலை வைத்து முன்னால் நீட்டி, முன்கூடு வரும் இடத்தில் பேரல் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பாருங்கள். 5 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால் 9 மில்லிமீட்டர் உயர ரிங் போதும். பேரலில் பின்குறி நீட்டிக்கொண்டிருந்தால் அதன் உச்சியிலிருந்து அளக்க வேண்டும், அல்லது அதைக் கழற்ற வேண்டும்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சிலர் உயரத்தைக் குழாயின் அடிவரை சொல்வார்கள், சிலர் குழாயின் நடுவரை சொல்வார்கள். 25.4 குழாயில் இரண்டுக்கும் 12.7 வித்தியாசம். தவறான ரிங் வந்து சேர்வதற்கு முக்கியக் காரணமே இதுதான்.

அடுத்தது போல்ட். கைப்பிடியைத் தூக்கும்போது ஸ்கோப்பின் பின்பகுதியில் இடிக்கக்கூடாது, விரலுக்கும் இடம் வேண்டும். சீசெட் 455-இல் கைப்பிடி 90 டிகிரி எழும்பும். 457-இல் 60 டிகிரிதான், அதனால் இன்னும் தாழ்வாக மாட்டலாம்.

இவ்வளவும் இடிக்காமல் எவ்வளவு தாழ்வாக வைக்க முடியுமோ அவ்வளவு தாழ்வாக வையுங்கள். உயரமான மவுன்ட்டில் கன்னம் கட்டையை விட்டு எழும்பி, தாடையால் முட்டுக்கொடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். அப்படிச் சுட்டால் தலை ஒவ்வொரு முறையும் வேறிடத்தில் வந்து நிற்கும், குண்டும் அதன்படியே போகும்.

ஒன்றா, இரண்டா? சாய்வு வேண்டுமா?

ஒற்றைத் துண்டு மவுன்ட் நேராக இருக்கும், ஆனால் காலி கேஸ் வெளியேறும் வாயை மறைக்கலாம். ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்தவும் இடம் குறைவு. ரிம்ஃபயரில் நான் இரண்டு தனி ரிங்குகளையே விரும்புகிறேன். ஸ்கோப்பின் கண்தூரம் (முழுப் படமும் தெரியக் கண் பின்கண்ணாடியிலிருந்து நிற்கவேண்டிய தூரம்) பெரும்பாலும் 9 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். அந்த இடத்தில் கண் தானாக வந்து நிற்கும்படி ரிங்குகளின் இடத்தை முடிவு செய்யலாம்.

சாய்வுள்ள மவுன்ட் எல்லோருக்கும் வேண்டாம். சாதாரண வேக .22 எல்ஆர் தோட்டா, வினாடிக்கு சுமார் 330 மீட்டர், 50 மீட்டருக்குச் சரிசெய்திருந்தால் 100 மீட்டரில் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் கீழே விழும். எந்த ஸ்கோப்பும் அதைத் தாங்கும். 200 மீட்டரிலோ ஒன்றரை மீட்டருக்கு மேல் விழும். அங்கே திருகில் மேலேற இடமில்லாமல் போகலாம். அப்படித் தூரம் சுடுபவர்களுக்குத்தான் 20 எம்ஓஏ (ஒரு எம்ஓஏ என்பது ஒரு டிகிரியில் 60-இல் ஒரு பங்கு) சாய்ந்த பேஸ். அது 100 மீட்டரில் சுமார் 58 சென்டிமீட்டர் உயர்த்தித் தரும். தடித்த பக்கம் கண்ணை நோக்கி இருக்க வேண்டும்.

மாட்டும்போது

காடியையும் கவ்வியையும் ஸ்பிரிட் தொட்ட துணியால் எண்ணெய் போகத் துடையுங்கள். கீழ்ப் பாதிகளை மாட்டி, ஸ்கோப்பை மேலே வையுங்கள். அது தன் எடையில் இரண்டிலும் படிய வேண்டும். ஒன்றில் படிந்து மற்றொன்றில் கீற்று வெளிச்சம் தெரிந்தால், ரிங்கின் மேல்பாதியான மூடியை இறுக்கி அதைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், குழாய் வளைந்துவிடும். ரிங்கைத் திருப்பி மாட்டியோ முன்னதையும் பின்னதையும் மாற்றியோ பாருங்கள். அப்படியும் படியவில்லை என்றால், உள்ளே உருளும் பிளாஸ்டிக் வளையம் உள்ள ரிங்குகள் கிடைக்கின்றன, அவற்றை வாங்குங்கள்.

மூடியின் ஸ்க்ரூக்களை ஒரே மூச்சில் முறுக்காமல் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். இருபுற இடுக்கும் சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மூடி மறுபக்கம் திறந்திருந்தால் கிராஸ்ஹேர் (ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக் கோடு) சாய்ந்துகொண்டே போகும். 15 முதல் 18 அங்குல பவுண்டு, அதாவது 2 நியூட்டன் மீட்டருக்குள் நிறுத்துங்கள். ஸ்கோப் செய்தவர்கள் அதற்கும் குறைவாகச் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். நீல லோக்டைட் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) பேஸ் ஸ்க்ரூவுக்கு ஒரு துளி போதும், மூடி ஸ்க்ரூவுக்கு வேண்டாம்.

கடைசியாக, ரிங்கின் பின் விளிம்பை ஒட்டிக் காடியின் மேல் பென்சிலால் ஒரு மெல்லிய கோடு போடுங்கள். ஒரு பெட்டி, 50 தோட்டா சுட்டபின் அந்தக் கோட்டைப் பாருங்கள். கோட்டுக்கும் ரிங்குக்கும் நடுவே உலோகம் தெரிந்தால் மவுன்ட் நகர்கிறது என்று அர்த்தம். இன்னும் இறுக்காதீர்கள். கழற்றி, எண்ணெய் மிச்சமிருக்கிறதா என்று பார்த்துத் துடைத்து, காடியை மறுபடி அளந்துவிட்டு மாட்டுங்கள்.